மூன்று லட்சம் இலக்கங்களும் ஒரு துண்டுச் சீட்டும்

எங்கள் எண்ணைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஓர் ஐந்து இலக்க ஒற்றைப்படை எண், ஒரு பெருக்கல் குறி, இரண்டின் அடுக்கு ஒன்று, கடைசியில் கூட்டல் ஒன்று. அவ்வளவுதான். அதையே விரித்து எழுத உட்கார்ந்தால் மூன்று லட்சம் இலக்கங்கள் வரும். பக்கத்துக்கு மூவாயிரம் என்று நெருக்கி அச்சடித்தாலும் நூறு பக்கப் புத்தகம். ஏழில் தொடங்கி ஒன்பதில் முடியும் அந்தப் புத்தகத்தை, ஒன்றையும் அதையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. அது பகா எண். இன்று எனக்கு அது தெரியும். ஆனால் பதின்மூன்று மாதங்கள் அது பகா எண் இல்லை என்று ஓர் அட்டவணையில் உட்கார்ந்திருந்தது. அதற்குக் காரணம் நான்.

அந்த அட்டவணையை நானும் என் தோழியும் சேர்ந்து செய்தோம். இருவரும் செங்கல்பட்டில் எம்.எஸ்சி. கணிதம் படித்தவர்கள். நான் ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருவேன். அவள் புதுப்பட்டினத்திலிருந்து, திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில். மேடம் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்குகிறவள் நான். அவள் பதில் தெரிந்தாலும் நோட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, மணி அடித்த பிறகு மேடத்தின் மேஜைக்குப் போய் மெதுவாகச் சொல்வாள். என் பதில்களில் பாதி தப்பு. ஆனால் அது யாருக்கும் நினைவிருக்காது. வேகமாகப் பேசுகிறவர்களுக்கு அப்படி ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது.

புராஜெக்ட்டுக்குப் பெரிய பகா எண்களைத் தேடலாம் என்றது நான். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு பேச்சே இல்லை. பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பது பள்ளிக்கூடத்திலேயே நிரூபித்துக் காட்டும் விஷயம். ஆனால் போகப் போக அவை அரிதாகிக்கொண்டே போகும். மூன்று லட்சம் இலக்கம் உள்ள எண்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் அது பகா எண்ணாக இருக்க ஏழு லட்சத்தில் ஒரு வாய்ப்பு. சின்ன எண்களால் வகுபடுபவற்றை முதலிலேயே சலித்துத் தள்ளினாலும், ஆயிரக்கணக்கானவற்றில் ஒன்றுதான் தேறும். ரயிலில் பக்கத்து சீட்டுப் பெண்மணிக்குக்கூட இதை விளக்கியிருக்கிறேன். நான் ஊரப்பாக்கத்தில் இறங்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார்.

என் வேலை பேசியதோடு சரி. புரோகிராம் எழுதியது அவள்.

சோதனை கேட்பதற்கு எளிது. மூன்று, ஐந்து மாதிரி பொருத்தமான ஒரு சின்ன எண்ணில் தொடங்க வேண்டும். அதை வர்க்கப்படுத்த வேண்டும், அதாவது அதை அதாலேயே பெருக்க வேண்டும். வருவதை நம் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்தி மறுபடி வகுக்க வேண்டும். எங்கள் எண்ணின் அளவுக்கு இதைப் பத்து லட்சம் தடவை செய்ய வேண்டும். கடைசி மீதி, பெரிய எண்ணைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருந்தால் அது பகா எண். நிரூபணமே முடிந்தது, மேல்முறையீடு கிடையாது. வேறு எது வந்தாலும் அது பகு எண்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், பகா எண் தற்செயலாக வராது என்பது. பத்து லட்சம் படிகளில் எங்காவது ஒரே ஓர் இலக்கம் சறுக்கினால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் குப்பை. குப்பையிலிருந்து அந்த 'ஒன்று குறைவு' வந்து நிற்கவே நிற்காது. ஆகையால் பகா எண் என்று வந்துவிட்டால் நம்பலாம். பகு எண் என்று வந்தால்தான் சந்தேகம். நிஜமாகவே பகு எண்ணா, இல்லை மெஷின் சறுக்கி ஒரு பகா எண்ணைப் பகு எண்ணாகக் காட்டிவிட்டதா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, வேறொரு மெஷினில் முதலிலிருந்து ஓட்டி, இரண்டு மீதிகளும் ஒன்றா என்று பார்ப்பது. மூன்று லட்சம் இலக்கத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மீதியை 0 முதல் 9, A முதல் F என்ற பதினாறு குறிகளில் எழுதி, வால்பகுதியிலிருந்து பதினாறு எழுத்து எடுத்தால் போதும்.

முதல் ஓட்டம் அவளுடையது, இரண்டாவது என்னுடையது. அவள் வீட்டு மெஷின், அவள் அண்ணன் பழைய பாகங்களை வைத்துக் கோத்த டெஸ்க்டாப். அண்ணன் மாமல்லபுரத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். சுற்றுலா வருகிறவர்களின் சார்ஜிங் ஓட்டையிலிருந்து மணலைத் தோண்டுவதுதான் பாதிப் பிழைப்பு என்பார். அந்த டெஸ்க்டாப் ஓர் எண்ணுக்கு அரை நாளுக்கு மேல் எடுக்கும். என் புது லேப்டாப்புக்கு நாலு மணி நேரம்.

சீட்டு முறையை ஏற்படுத்தியதும் அவள்தான். அவள் ஓட்டம் முடிந்ததும் பதினாறு எழுத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, நாலாக மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, மேலே எண்ணின் அடுக்கை மட்டும் குறித்து என்னிடம் கொடுத்துவிடுவாள். நான் என் லேப்டாப்பில் ஓட்டி, எனக்கு வந்ததைச் சீட்டின் வெளிப்பக்கம் எழுத வேண்டும். திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து பின்னைப் பிரித்துப் பார்ப்போம். ஏன் உன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று முதல் நாளே கேட்டேன்.

"என்கிட்ட இருந்தா, நீ சொன்னப்புறம் நான் மாத்திட்டேன்னு ஆயிடும்ல" என்றாள்.

அவள் திருடிவிடாமல் இருக்க அவளே போட்டுக்கொண்ட பூட்டு அது. நான் திருடுவேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அறுபத்திரண்டு எண்கள்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. கொளவாய் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு டீக்கடையில் பின்னைப் பிரிப்போம். அறுபத்திரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தின. ஒரு பகா எண்ணும் வரவில்லை. எனக்கு அலுக்கத் தொடங்கியிருந்தது. அவளுக்கு இல்லை. பொருந்துவதே அவளுக்குச் சந்தோஷம். கடைசி எழுத்தைப் படிக்கும்போது கிளாஸைக் கீழே வைத்துவிடுவாள்.

போன வருஷம் ஏப்ரலில் படாளத்தில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அறுபத்து மூன்றாவது எண்ணை லேப்டாப்பில் ஓடவிட்டு, அதையும் கல்யாண வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். ஞாயிறு சாயங்கால வரவேற்பு நேரத்தில் யாரோ சீரியல் லைட்டுக்காக என் சார்ஜரைப் பிடுங்கிவிட்டார்கள். நான் பார்க்கும்போது திரை கறுப்பாக இருந்தது. மணிக்கொரு தடவை பாதிக் கணக்கைச் சேமித்து வைக்க அவள் புரோகிராமில் ஒரு வரி வைத்திருந்தாள். அது வேகத்தைக் குறைக்கிறது என்று நான் அந்த வரியை எடுத்துவிட்டிருந்தேன். ஆக எல்லாம் போனது.

மறுநாள் திங்கட்கிழமை. ஓட்டவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் சரி என்று சொல்லியிருப்பாள், அடுத்த வாரம் பார்த்திருப்போம். ஆனால் எடுத்துவிட்ட அந்த வரியைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். மண்டபத்து மாடியில், பந்திக்கு இலை போடுகிற சத்தம் கீழே கேட்டுக்கொண்டிருக்க, ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸின் முனையால் சீட்டின் பின்னை நிமிர்த்தினேன். உள்ளே இருந்த பதினாறு எழுத்தை மனப்பாடம் செய்தேன். தாளை மறுபடி மடித்து, அதே பின்னை அதே ஓட்டைகளில் செருகி, நகத்தால் அழுத்தினேன். வெளிப்பக்கம் என் கையெழுத்தில் அந்தப் பதினாறையும் எழுதினேன்.

திங்கட்கிழமை அவள் பிரித்தாள். பொருந்தியது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த தடவைக்கு மனசுக்குள் ஒரு வாதமே தயாராக இருந்தது. அறுபத்திரண்டு தடவை பொருந்தியவை இனியும் பொருந்தாதா? அவள் மெஷின் நம்பகமானது, நிரூபித்தாயிற்று. கணிதம் படித்த ஒருத்தி இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அறுபத்திரண்டு உதாரணங்களை வைத்து ஒரு விதி சொல்லியிருந்தால், முதல் செமஸ்டரிலேயே மேடம் சிவப்பு மையால் அடித்திருப்பார்.

அந்த ஏப்ரல் கடைசி, மே முழுவதும், ஜூனில் கொஞ்சம். விடுமுறையிலும் அண்ணன் கடைக்கு டிஸ்பிளேவும் பேட்டரியும் வாங்க அவள் திங்கட்கிழமைகளில் செங்கல்பட்டு வருவாள், கையில் சீட்டுகளோடு. லேப்டாப்பில் நான் ஆன்லைன் கோர்ஸ் பார்த்தேன், சீரியல் பார்த்தேன், பாதி நாள் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து பின்களைப் பிரிப்பேன். மொத்தம் நாற்பத்தொரு சீட்டுகள். மூன்று தடவை பின் உடைந்துவிட்டது. அப்பாவின் ஆபீஸ் பையிலிருந்து ஸ்டேப்ளர் எடுத்து அதே ஓட்டைகளில் விழும்படி பார்த்து அடித்தேன்.

காலேஜ் திறந்ததும் லேபில் ஓட்டிக்கொள்ள மேடம் அனுமதி தந்தார். அன்றிலிருந்து நான் மறுபடியும் நேர்மையானவள் ஆனேன், அதுவும் ஒரு சிரமமும் இல்லாமல். அதற்குப் பிறகு வந்தவையும் பொருந்தின. நடுவில் இருந்த நாற்பத்தொன்றை நான் மறந்தேன் என்று சொல்ல ஆசைதான். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லையா என்று கேட்டார். அவள் கொஞ்சமும் கலங்காமல், இந்த வரம்பில் இல்லை சார், ஒவ்வொன்றையும் இரண்டு மெஷினில் தனித்தனியாகப் பார்த்துவிட்டோம் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

இந்த வருஷம் ஜூனில் அவளுக்குச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து நேர்காணல் கடிதம் வந்தது. புராஜெக்ட் அறிக்கையைக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். அவள் வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். கடிதத்தை அண்ணன் கடையில் லேமினேட் செய்து வைத்திருந்தார்கள், ஏதோ சர்டிபிகேட் மாதிரி. நேர்காணல் திங்கட்கிழமை. அட்டவணை தப்பு என்று எனக்குத் தெரிந்தது அதற்கு முந்தைய செவ்வாய்.

அன்று நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்த மிதப்பில் இருந்தேன். எங்கள் எண்ணின் வடிவமே அதற்கு இடம் தருகிறது. கூட்டல் ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் மிச்சம் 'கழித்தல் ஒன்று' என்றே கணக்கு. ஆகவே ஒவ்வொரு படியிலும் அந்த ராட்சத வகுத்தல் தேவையில்லை. முன்னால் இருக்கும் ஐந்து இலக்க எண்ணால் ஒரு சின்ன வகுத்தலும் ஒரு கழித்தலும் போதும். உலகத்துக்கு இது பழைய விஷயம்தான். எனக்குப் புதிது. நாலு மணி நேர வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க விடை தெரிந்த எண்கள் வேண்டும். அதற்கு எங்கள் அட்டவணையையே எடுத்தேன், நடுவிலிருந்து. நடுவில்தான் அந்த நாற்பத்தொன்றும் இருந்தன.

முதல் நான்கு பொருந்தின. ஐந்தாவதற்கு எழுத்துகளே வரவில்லை. 'மீதி: −1' என்று வந்தது. அதாவது ஒன்று குறைவு.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். எங்கள் பகா எண். எவ்வளவு நேரம் சந்தோஷப்பட்டேன் என்று தெரியும், ஏனென்றால் அடுப்பில் வைத்திருந்த பால் அப்போதுதான் பொங்கியது. பால் வழிந்து அடுப்பு அணைந்தபோது இன்னொன்று புரிந்துவிட்டது. அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே பதினாறு எழுத்துகள் இருந்தன. அவள் மெஷினில் வந்த பதினாறு, சறுக்கல். பக்கத்துக் கட்டத்தில் என் மெஷினில் வந்ததாக அதே பதினாறு. ஒரு மெஷின் சறுக்கலாம். இரண்டு மெஷின்கள் தனித்தனியாகச் சறுக்கி ஒரே குப்பையைக் கொட்டுவது நடக்காத காரியம். ஒவ்வொரு எழுத்துக்கும் பதினாறு வாய்ப்பு. பதினாறு எழுத்தும் தற்செயலாக ஒத்துப்போக, இருபது இலக்க எண்ணில் ஒரு வாய்ப்பு. இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிகிறவர் யாரும் வேண்டாம். அட்டவணையே சொல்லும்.

சாயங்காலம்தான் அவளுக்குப் போன் செய்தேன். ஒன்று கிடைத்திருக்கிறது என்றேன். அவள் கத்தவில்லை, அடுக்கைக் கேட்டாள். சொன்னேன். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அது பகு எண்ணாச்சேடி. நீயும் பாத்துகீறியே."

அவள் அடுத்த கேள்விக்கு வருவதற்குள் நான் பேசிவிட்டேன். எப்போதும்போல வேகமாக.

"உன் புரோகிராம்லதான் ஏதோ தப்பு இருக்கணும். ரெண்டு பேரும் அதைத்தானே ஓட்டினோம்."

நோட்டை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, பாக்குறேன்" என்றாள்.

அவள் புரோகிராமை என் லேப்டாப்பிலேயே அந்த எண்ணுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். நாலு மணி நேரம். ஓட்டவில்லை, என்ன வரும் என்று தெரியும்.

புதன், வியாழன், வெள்ளி. நேர்காணலுக்குத் தயார் செய்ய வேண்டிய மூன்று நாட்களில் அவள் தன் புரோகிராமில் இல்லாத பிழையைத் தேடினாள். ஒவ்வொரு வரியாகப் போட்டோ எடுத்து அனுப்பினாள். எல்லை தாண்டும் இடத்தில் ஒரு வரி, நினைவகம் ஒதுக்கும் இடத்தில் ஒரு வரி. வியாழன் மதியம் ஒரு வரியை வட்டமிட்டு, இதுவாக இருக்குமா என்று கேட்டாள். அந்த வரியில் எந்தக் கோளாறும் இல்லை. 'இருக்கலாம்' என்று பதில் போட்டேன். நான் காப்பியடித்த நாற்பத்தொன்றும் ஒரு பக்கம், அந்த ஒரு வார்த்தை ஒரு பக்கம். எது பெரிய பாவம் என்று கேட்டால் அந்த வார்த்தைதான் என்பேன்.

வெள்ளி மாலை ஒரு செய்தி வந்தது. புரோகிராமே தப்பு என்றால் மொத்த அட்டவணையும் போச்சு, பொய்யான அறிக்கையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார முடியாது, திங்கட்கிழமை போகவில்லை. கடைசியாக ஒருமுறை அந்த எண்ணைத் தன் மெஷினிலேயே ஓடவிட்டிருப்பதாகவும், சனிக்கிழமை மதியம் முடியும் என்றும் கீழே எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை காலை ரயிலில் செங்கல்பட்டு வந்து, அவள் ஊருக்குப் போகும் கல்பாக்கம் பஸ் பிடித்தேன். திருக்கழுக்குன்றத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். இறங்குகிறவர்கள் கூட்டத்தில் படிவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அவர்கள் வீடு சந்தைக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே நுழைந்ததும் பன் சுடும் அடுப்பு மாதிரி ஒரு சூடு முகத்தில் அடித்தது. டெஸ்க்டாப்பின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள், வீட்டின் ஒரே டேபிள் ஃபேன் அதன் குடலைப் பார்த்துச் சுழன்றது. அவள் அம்மா காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அண்ணன் சாப்பிட வந்திருந்தார், தட்டோடு என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா வா. உங்க ரெண்டு பேரால எங்க வூட்ல நடக்குற கூத்தப் பாத்தியா? மனுசனுக்கு ஃபேன் இல்ல, டப்பாவுக்கு ஃபேன். போன வருசம் மே மாசமும் இதே பேஜாருதான்."

அவள் அம்மா எழுந்து, விருந்தாளிக்கு வேர்க்கிறது என்று ஃபேனை என் பக்கம் திருப்பினார். நான் எழுந்து அதை மறுபடி டப்பாவின் பக்கம் திருப்பி வைத்தேன். வேண்டாம்மா, அதுக்குத்தான் வேணும் என்றேன். அவர் சிரித்தபடி எனக்கு லெமன் ஜூஸ் பிழியப் போனார். என் தோழி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்று நாளில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று திரை சொன்னது. நான் அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டு சதவீதம் பாக்கி இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தேன். அது கிட்டத்தட்ட கால் மணி நேரம்.

'மீதி: −1.'

அவள் அதைத் தொட்டுப் பார்ப்பவள் போலத் திரையில் விரல் வைத்தாள். அண்ணன் என்ன ஆச்சு என்று கேட்டார். பகா எண் என்றாள். எவ்வளவு பெரிசு என்றார். நூறு பக்கம் என்றாள். அவர் விசில் அடித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"புரோகிராம்ல தப்பு இல்ல" என்றாள், என்னைப் பார்க்காமல். "போன வருஷ மே சூட்ல மெஷின்தான் சறுக்கிகீது. அது ஆவுறதுதான்." பிறகு திரும்பினாள். "உன்னுது எப்டிடி அதே மாதிரி சறுக்கும்? பதினாறு எழுத்தும்?"

பஸ்ஸில் வரும்போது நாலைந்து பதில்கள் தயார் செய்திருந்தேன். அட்டவணையில் நகல் எடுக்கும்போது கட்டம் மாறியிருக்கலாம் என்பது அவற்றில் நன்றாகவே இருந்தது. அவள் நம்பக்கூட நம்பியிருப்பாள்.

"நான் ஓட்டல" என்றேன்.

"எத?"

"அத. அதோட சேத்து நாப்பத்தொண்ணு. சீட்டப் பிரிச்சுப் பாத்து எழுதினேன்."

அவள் அம்மா ஜூஸ் கிளாஸை என் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். என்ன பேச்சு என்று அவருக்குப் புரியவில்லை, யாருக்கு என்ன ஆனது என்பது மட்டும் புரிந்துவிட்டது. அண்ணனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கை கழுவப் போனவர் பாதியில் நின்றார்.

"அப்ப போன வருசம் மே மாசம் எங்கம்மா அட்டைய வச்சி விசிறிகினு கெடந்துச்சே, இதுக்குத்தானா? நீ பாக்காம எழுதுறதுக்கா?"

அந்த ஜூஸை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தேன்.

அவள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். எல்லாச் சீட்டுகளையும் வைத்திருக்கிறாள், பிரித்த பின்களோடு சேர்த்து, வாரம் வாரமாக ரப்பர் பேண்ட் போட்டு. கடல் காற்றில் அவர்கள் வீட்டில் ஸ்டேப்ளர் பின்கள்கூடத் துருப்பிடித்திருக்கும். அவள் கொடுத்த சீட்டுகளில் எல்லாம் பின்னின் முனை பழுப்பாக இருந்தது. மூன்றை மட்டும் தனியே எடுத்துப் பாயில் வைத்தாள். அவற்றின் பின்கள் புதுசாக மின்னின.

"இத அன்னிக்கே பாத்தேன். உன் பையில கழண்டு வுழுந்துருக்கும், நீயே வேற பின் அடிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அந்த மூன்றையும் திரும்ப அந்தந்த வாரத்தின் கட்டில் செருகி, ரப்பர் பேண்டைப் போட்டாள்.

பிறகு கம்ப்யூட்டரில் அட்டவணையைத் திறந்தாள். என் பெயர் போட்ட பத்தியில் நாற்பத்தொரு கட்டங்களை நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழித்தாள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. நானும் ஒவ்வோர் அடுக்கையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. முடித்ததும் அந்த எண்ணின் வரிசைக்கு வந்து, 'பகா எண்' என்று தட்டினாள். கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள்.

என் பெயரை எடுத்துவிடு என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

"கண்டுபுடிச்சது நீதானே" என்றாள். "அப்ப அதான் வரும்."

திங்கட்கிழமை அவள் நேர்காணலுக்குப் போனாள். பகா எண்ணைப் பற்றி ஆசையோடு ஆரம்பித்திருக்கிறாள். அட்டவணையில் நாற்பத்தொரு கட்டங்கள் ஏன் காலி என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது சோதனை நடக்கவில்லை என்றாளாம். கல்லூரியில் கொடுத்த அறிக்கையில் நடந்ததாக இருக்கிறதே என்றதற்கு, அது தப்பு, மேடத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்றாளாம். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அதிலேயே போயிற்று. யார் செய்யவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையே மேடத்தின் வீட்டில் போய்க் கொடுத்த கடிதம் என் கையெழுத்தில், என் பெயரில் இருந்தது. அதை மட்டும் நான் சரியாகச் செய்தேன்.

காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் இரண்டாவதாக வந்திருக்கிறது. காலியான கட்டங்கள் இல்லாமல் போயிருந்தால் முதல் பட்டியலிலேயே இருந்திருப்பாளா? தெரியாது. எனக்குத் தெரிந்த எந்தச் சோதனையும் இதற்குப் பதில் தராது. இதை ஓட்டிப் பார்க்க இரண்டாவது மெஷின் இல்லை.

போன மாதம் என் அறையிலிருந்த டேபிள் ஃபேனைப் பஸ்ஸில் புதுப்பட்டினத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கண்டக்டர் இதற்குத் தனியாக லக்கேஜ் போட வேண்டும் என்று மிரட்டிவிட்டு விட்டுவிட்டார். அண்ணன் அதை வாங்கி, பிளக்கைச் செருகி ஓட்டிப் பார்த்தார். "இது அம்மாவுக்கு" என்றார். பழையது டப்பாவுக்கே இருக்கட்டுமாம்.

நாற்பத்தொன்றையும் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். போன வருஷ மே மாதத்தை நம்ப முடியாது என்று அவளும் தன் பங்கை மறுபடி ஓட்டுகிறாள். நான் குறுக்குவழிப் புரோகிராமைத் தொடவில்லை. அவள் எழுதியதுதான், மணிக்கொரு தடவை சேமிக்கும் வரியோடு. பதினேழு முடிந்திருக்கிறது. முதல் சீட்டை அவள் நீட்டியபோது, இனி உன்னிடமே இருக்கட்டும், நான் ஓட்டி முடித்துச் சொல்கிறேன் என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அது ரூல் இல்லியே" என்றாள். நீட்டிய கையை எடுக்கவில்லை.

இந்த வாரச் சீட்டு இப்போது என் மேஜையில் இருக்கிறது. நாலாக மடித்தது, பின்னின் ஒரு முனையில் துரு. ஜன்னலுக்கு வெளியே ஜி.எஸ்.டி. சாலை வெயிலில் பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன. லேப்டாப்பின் அடிப்பாகத்தைத் தொட்டால் சுடுகிறது. எண்பத்தொரு சதவீதம். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, நான் அறையைவிட்டு வெளியே போய் உட்காரப் போகிறேன்.